ஒன்பதாவது போர்ட்

போடிமெட்டுக்கு மேலே ஜீப்பு நின்றபோது காலை பதினோரு மணி. ஆனாலும் மேகம் இறங்கிக் கிடந்ததில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக் கூரை கண்ணுக்குத் தெரியவில்லை. உலரும் காயின் வாசனைதான் வழி காட்டியது. அனுசியா லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஸ்டோர் சூப்பர்வைசர் முத்துக்கண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்கம்மா. பொற்கொடி வந்தா இங்க வேலை பாக்குற அத்தனை பொம்பளைகளையும் பேரு சொல்லிக் கூப்பிடும். அந்தப் புள்ள மாதிரி இனி யாரு வரப்போறா."

வந்து காலை ஊன்றவில்லை, அதற்குள் பொற்கொடி.

இருவரும் போடியில் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அனுசியா இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கோளாறை, டீ ஆறுவதற்குள் பொற்கொடி சரிசெய்துவிடுவாள். செய்துவிட்டு, "நீயே கண்டுபிடிச்சிருப்ப அனு, நான் சும்மா முந்திக்கிட்டேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அனுசியாவால் பொறுக்க முடியாது. மலையிலேயே பெரிய வேலையான இந்த ஸ்டோரை முதலாளி பொற்கொடிக்குக் கொடுத்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பது நாளுக்கு முன்னால், ஒரு மதியம், பொற்கொடி இங்கிருந்து போன் செய்தாள். கேமரா, தராசு, உலர்த்தும் அறைகளின் வெப்பமானி என்று நெட்வொர்க்கில் இருக்கும் முப்பத்தொரு கருவிகளையும் தானாகவே தேடிப் பட்டியல் போடும் மென்பொருளை அவள் நிறுவிக்கொண்டிருந்தாள். சரியான ரகசியச் சொல்லைச் சொல்லிக் கேட்டால்தான் கருவிகள் தாங்கள் யார் என்று சொல்லும். அந்தச் சொல்லை ஆபீசில் வைத்துப் பதிந்து அனுப்பியவள் அனுசியா.

"என்ன வார்த்தை போட்ட, அனு?"

"சாமந்தி."

அது பொய். சரியான சொல் தாழம்பூ. ஒரே ஒரு நாளாவது அவளும் திணறட்டும் என்று சொன்ன பொய். சொன்ன கையோடு போனையும் அணைத்துவிட்டாள்.

பொற்கொடி இருட்டும்வரை திணறினாள். அதன்பிறகு மூடுபனியில் இறங்கிய ஜீப்பு ஒரு வளைவில் திரும்பாமல் பள்ளத்துக்குள் போனது. டிரைவர் பிழைத்தார். பொற்கொடியைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். அவளுடைய லேப்டாப் நசுங்கிய தகடாகக் கிடைத்தது.

அவள் பாதியில் விட்ட வேலையை முடிக்க, மாடி அறையில் கேபிள்கள் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அனுசியா தேடலைத் தொடங்கினாள். தாழம்பூ என்று பதிந்தாள்.

ஒரு கருவிகூடச் சிக்கவில்லை.

முகவரி வரிசையைப் பார்த்தாள். சரி. கேபிள்களை அழுத்திப் பார்த்தாள். சரி. ஒவ்வொரு கருவியையும் தனியாகக் கூப்பிட்டால் இருக்கிறேன் என்றது. யார் நீ என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், கம்பிகளில் என்னதான் ஓடுகிறது என்று பதிவுசெய்து பார்த்தாள்.

அவளுக்கு முன்பே அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிமிடத்துக்கு ஒரு முறை. முப்பத்தொரு கருவிகளிடமும், வரிசையாக. தவறான சொல் ஓயாமல் வந்ததில் கருவிகள் எல்லோருக்குமே கதவை அடைத்துக்கொண்டிருந்தன.

சாமந்தி. சாமந்தி. சாமந்தி.

கேட்டது பொற்கொடியின் லேப்டாப் முகவரி.

"அண்ணே," என்று படிக்கட்டில் நின்று கூப்பிட்டாள். "இங்க வேற யாராச்சும் கம்ப்யூட்டர் மாட்டியிருக்காங்களா?"

"இல்லையேம்மா. அந்தப் புள்ள போனதுல இருந்து அந்த ரூமப் பூட்டித்தான் வச்சிருந்தோம்."

கேள்வி இரும்புப் பெட்டியின் ஒன்பதாவது போர்ட் வழியாக வந்தது. அதில் செருகிய கேபிளைப் பிடித்துக்கொண்டே கீழே போனாள். அது பழைய உலர்த்தும் அறைக்குள் நுழைந்தது. அடுப்பு எரியாத அறை. ஏலக்காய் மணத்துக்கு அடியில் ஈர மண்ணும் டீசலும் கலந்த வாடை. சுவரோரம் கேபிளின் மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தது.

அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

மேலே ஓடிவந்து கேபிளைப் பிடுங்கினாள்.

கேபிள் கையில் இருந்தது. ஒன்பதாவது போர்ட்டின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

டீசல் வாடை இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. திரும்பத் துணிவில்லை.

"பொற்கொடி..." தொண்டைக்குள்ளேயே சொன்னாள். "சாமந்தி இல்ல. தாழம்பூ. நான் பொய் சொல்லிட்டேன்."

விளக்கு அணைந்தது.

பெட்டிக்கு முன்னால் திறந்திருந்த அவளுடைய லேப்டாப்பில் பட்டியல் விழத் தொடங்கியது. ஒன்று, ஐந்து, பதினெட்டு, முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும்: 'மூன்றாம் அறை வெப்பமானி, கருத்தம்மாள் காய் தள்ளும் பக்கம்.' 'பின்கேட் கேமரா, மழையில் மறைக்கும்.' அனுசியாவுக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலை, ஒரு மூச்சில்.

அவளுக்கு முதலில் வந்திருக்க வேண்டியது பயம். வந்தது வயிற்றெரிச்சல். செத்தும் இவளே முந்திக்கொண்டாள்.

முத்துக்கண்ணன் டீயோடு வந்து திரையைப் பார்த்தார். "அட, அச்சு அசல் அந்தப் புள்ள எழுதுற மாதிரியே இருக்கேம்மா. யாரு செஞ்சது?"

உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது.

"நான்தான் அண்ணே. எல்லாம் நான்தான் செஞ்சேன்."

அவர் மனதாரப் பாராட்டினார். அனுசியா அதை நின்று முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பெட்டிக்குள் விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்ததை அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் போடியில் முதலாளியும் பாராட்டினார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது, வைஃபை பாஸ்வேர்டை மாற்றியதுதான். இருபது எழுத்து, அர்த்தமில்லாதது. எங்கும் எழுதி வைக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

விடிந்து, காப்பி டம்ளரோடு உட்கார்ந்து ரவுட்டரின் பட்டியலைத் திறந்தாள். அவளுடைய போன். லேப்டாப். டிவி.

நான்காவதாக ஒன்று. பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அது உள்ளே வந்த விவரத்தைத் தொட்டாள்.

சொன்ன சொல் சரி. முயற்சி, ஒன்று.