நான்கு நொடி மூச்சு

டிரம்ஸ் அடிகளுக்கு நடுவே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அதை அவன் வைக்கவில்லை.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய அறை அது. சுவரெங்கும் பழைய மெத்தைகளை ஆணியடித்து, ஈரப் பஞ்சும் சூடேறிய ஒயரும் கலந்த வாடையிலேயே பத்து வருடமாக அவன் கம்ப்யூட்டரில் பாட்டுகளுக்கு பீட் செய்துகொண்டிருந்தான். மதியம் மூன்று மணி. வெளியே ஏதோ ஒரு கார் டயரைத் தேய்த்துத் திரும்பும் சத்தம் மெத்தைகளைத் தாண்டி மங்கலாக வந்து அடங்க, அதற்கும் அடியில் அந்த மூச்சு உள்ளே இழுத்து, கொஞ்சம் சிக்கி, விசிலோடு வெளியே வந்தது. ஒவ்வொரு ட்ராக்காக அணைத்துப் பார்த்தான். டிரம்ஸ் நின்றது, பேஸ் நின்றது. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

யாருடைய மூச்சு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஊரே தலையாட்டிக் கேட்ட மூச்சு.

மூன்று வருடம் முன்பு வரை காலிக் கிடங்குகளில் ஐம்பது பேருக்கு வாசித்துக்கொண்டிருந்த ஜோடி, அவனும் நண்பன் சுருட்டையும். சுருட்டை பாடுவான், இவன் இசை. பஸ்ஸில் போகும்போது தோன்றினால்கூட சுருட்டை வாயாலேயே ஒரு தாளம் போட்டு வாய்ஸ் மெசேஜில் அனுப்புவான். இவன் அதை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்குவான். அப்படித்தான் பாதிப் பாட்டுகள் பிறந்தன.

கடைசியாக ஒரு சாயங்காலம் சுருட்டையிடமிருந்து போன் மூன்று முறை அடித்தது. பேஸ் அமையாத எரிச்சலில் இவன் எடுக்கவில்லை. பிறகு அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதல் நான்கு நொடிதான் கேட்டான். 'பய கலக்கிட்டான்டா' என்று சிரித்தான். அந்த நான்கு நொடியை வெட்டி டிரம்ஸுக்கு அடியில் போட்டான். போனில் இடமில்லை என்று மீதியைக் கேட்காமலே அழித்தான்.

சுருட்டைக்கு ஆஸ்துமா. பாட்டை இவன் முடிப்பதற்குள் அவன் போய்விட்டிருந்தான்.

அந்தப் பாட்டுதான் இவனைப் பெரிய ஆளாக்கியது. சாவு வீட்டில் சுருட்டையின் அம்மா, "உனக்காவது போன் பண்ணானாப்பா?" என்று கேட்டபோது, "இல்லம்மா" என்றான். அந்தப் பொய்யை நினைக்கும்போதெல்லாம் தன்மேலேயே அருவருப்பு வரும். அவளுக்குத் தெரிந்துவிட்டால் எந்த முகத்தோடு நிற்பது?

கதவு தட்டப்பட்டது. அவளேதான். புது ஆல்பத்தை மகனுக்குச் சமர்ப்பித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, முதலில் தானே கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இன்று வருவதாகச் சொன்னதை இவன் அடியோடு மறந்துவிட்டான்.

"என்னப்பா, மெத்தைக் கடைக்குள்ள குடித்தனமா?" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள்.

"இன்னும் முடியலம்மா. இன்னொரு நாள்..."

"இந்த முட்டிய வச்சிக்கிட்டு படி இறங்கி வந்திருக்கேன். போடு."

ஹெட்போனை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். பாட்டு வரிகளே இல்லாத, வெறும் மெஷின் சத்தமாகப் பார்த்து ஒன்றை ஓடவிட்டான்.

அவள் முகம் மாறியது.

"சொல்லுடா," என்றாள். "அம்மா இங்கதான் இருக்கேன்."

பாட்டை நிறுத்தினான். அவள் தலையசைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினான். 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். மெயின் சுவிட்சை அணைத்தான். இருட்டு. கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

"ம்," என்றாள். "ம்."

"அம்மா..."

மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"எவ்வளவு பேசியிருக்கான். நீ கேக்கவே இல்லியாமே."

அவள் காலடியில் விழுந்தான். "தப்புதாம்மா. தாளம் போடறான்னு நெனச்சேன். சத்தியமா தாளம்னுதான்..."

"தெரியும்ப்பா. இப்ப கேளு."

ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வெகு அருகில், அவன் பெயர். "எடுடா. டேய், எடுடா."

கழற்றப் பார்த்தான். இரண்டு காதுகளின் மேலும் அவள் கைகள். மெலிந்த கைகள். அசைக்க முடியவில்லை. கத்தினான். மெத்தைகள் அதை விழுங்கிக்கொண்டன.

அரையிருட்டில் அவள் முகம் எதிரே இருந்தது. உள்ளே மகன் சொல்லச் சொல்ல, ஒரு சொல் பிசகாமல், அவள் உதடுகளும் சத்தமின்றி அசைந்துகொண்டிருந்தன.