தானே ஓடிய டாக்சி

சர்வேயர் வீட்டுக்கு வந்தவள் உட்காரவே இல்லை. "என் வீட்டுக்காரரை உள்ள வெச்சுட்டாங்க சார். வண்டியத் தொடவே இல்லங்கறார். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

பழைய டாக்சியில் மலிவான ஒரு கருவியை மாட்டினால் போதும், வண்டி தானே ஓடும் என்று ஒரு கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. சட்டத்துக்காக முன்சீட்டில் ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவள் கணவனுக்கு அந்த வேலை. நேற்று அந்த டாக்சி மோதி ஒரு சைக்கிள்காரர் செத்துப்போனார். கருவி ஒழுங்காகத்தான் ஓட்டியது, இவன்தான் பதறிப்போய் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டான் என்று கம்பெனி முதலாளி வாய் கூசாமல் போலீசில் சொல்லிவிட்டான்.

விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அந்த இன்சூரன்ஸ் சர்வேயர். அவருடைய மச்சினன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். "கருவியில கோளாறு, அத்தான். கேஸ் முடிஞ்சுது."

"நீயே முடிச்சுட்டா நான் எதுக்குடா? வா, வண்டியைப் பார்ப்போம்."

டாக்சியைப் போலீசார் ஒரு பூட்டிய கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். டாக்சியின் கூரையில் இருந்த, கருவியின் கேமராமீது பறவை எச்சம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. சர்வேயர் நகத்தால் சுரண்டினார். மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அன்று பின்சீட்டில் பயணம் செய்த பெரியவர் சாட்சி சொல்ல வந்திருந்தார். "அதுவரைக்கும் அருமையா ஓடுச்சுங்க. சந்துல எதிர்வண்டி ஒதுங்கி வழிவிட்டா, நன்றி சொல்ற மாதிரி லைட்ட ரெண்டு தடவ சிமிட்டும். மனுஷங்ககிட்டகூட அந்த மரியாதை இல்ல."

சர்வேயர் மச்சினனோடு, கேஸை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரையும் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனார்.

"கூரைக் கேமராவை எச்சம் மூடி ரொம்ப நாளாச்சு. கண்ணு மூடின கருவி எப்படி ஓட்டுச்சு?" என்று முதலாளியைக் கேட்டார்.

"முன்கண்ணாடிக்குப் பின்னால இன்னொரு கேமரா இருக்கு."

"இருக்கு. அது யாருக்குப் படம் காட்டுது? நன்றிக்கு லைட் சிமிட்டறது கருவியோட புத்தி இல்ல. வருஷக்கணக்கா ரோட்டுல ஓட்டின டிரைவரோட பழக்கம். அந்த டிரைவர் எங்க?"

சர்வேயர் உள்கதவைத் தள்ளினார்.

காற்றில்லாத அறை. நாலு பேர், ஆளுக்கு மூன்று திரை, விளையாட்டுச் சாமான் போல ஒரு ஸ்டீயரிங். மேசைக்கு அடியில் மூத்திர பாட்டில்கள். எழுந்து போகக்கூட விடுவதில்லை. சீ, இதற்குப் பெயர் தொழில்நுட்பமாம்!

ஒல்லியான ஒருவன் எழுந்தான். "இங்கேருந்து நான்தான் சார் அந்த வண்டிய ஓட்டினேன். மூணு வண்டி என் தலையில. இன்னொண்ணு சந்துல மாட்டிக்கிச்சு, அதைப் பார்த்துட்டிருந்தேன். அதுக்குள்ள..."

முதலாளியின் முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை. "அப்ப சரி, இவனைக் கூட்டிட்டுப் போங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "குத்தவாளி இவன்தான்னு நீயும் சொல்லிடும்மா. உன் புருஷன் இன்னிக்கே வீட்டுக்கு வந்துடுவார்."

அவள் கண் ஒரு கணம் மலர்ந்ததை மச்சினன் பார்த்தான். பிறகு அவள் ஒல்லி ஆளைப் பார்த்தாள். "உங்க வீட்டுல யார் இருக்காங்க?"

"சம்சாரம். ரெண்டு பொண்ணுங்க."

"என் வீட்டுக்காரர் நாளைக்கு வந்தாலும் பரவாயில்ல சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "மூணு வண்டியை ஒருத்தர் தலையில கட்டினது யாரு, அதை மொதல்ல கேளுங்க."

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். "நீ நட, ஸ்டேஷனுக்கு."