பள்ளத்து மரத்தின் வாளி

காற்று வடக்கே திரும்பி ஒரு மணி நேரமாகிவிட்டது. இந்நேரம் மரங்கள் எல்லாம் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அவற்றில் அடித்த சிறு குழாய்களில் தொங்கும் இருநூறு வாளிகளும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பகலில் பனி இளகினால்தான் மேப்பிள் மரம் நீர் விடும், குளிர் இறுகினால் நிறுத்திவிடும். கியூபெக்கில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனாலும் எங்கேயோ ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒடில் மரத்துடுப்பால் கொப்பரையைத் துழாவிக்கொண்டே காது கொடுத்தாள். மரநீர் பாகாகக் கொதிக்கும் தட்டையான நீளக் கொப்பரை, கீழே காய்ந்த பிர்ச் விறகு, மேலே கூரையின் திறப்பு வழியாக வெளியேற முடியாமல் கொட்டகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் வெள்ளை ஆவி. அந்த ஆவிக்குள் தன் கையே தனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. பொங்கும் நுரையை அடக்குவதற்காகக் கொப்பரைக்கு மேல் நூலில் கட்டித் தொங்கவிட்ட உப்புப் பன்றிக்கொழுப்பு லேசாக ஆடியது. கொதிக்கும் சத்தத்துக்கு நடுவிலும் அந்தச் சொட்டு கேட்டது. டக். டக். டக்.

கதவைத் திறந்துகொண்டு அர்மான் தலையை நீட்டினான். இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் புருஷன், இன்னமும் அவளைச் சீண்டாமல் ஒரு வாய் சூப் இறங்காது அவனுக்கு.

"கேக்குதா ஒடில்? ஊர்ல இருக்குற மரமெல்லாம் ஒறைஞ்சு கெடக்கு, எவனோ ஒருத்தன் மட்டும் ஓவர்டைம் பாக்குறான்."

"பனி உருகுற சத்தமா இருக்கும். விடு."

"இந்தக் குளிர்லயா? பள்ளத்துப் பக்கமிருந்து வருது. கிழட்டு மரம், பாவம் ஓய்வெடுக்கட்டும்னு இந்த வருஷம் அதுல நாம கையே வைக்கலியே." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "போன வருஷம் மாட்டுன குழாய நீ எடுத்துட்டேதானே?"

"எடுத்துட்டேன்னு எத்தன தடவ சொல்றது."

"சரி தாயே, கோவிச்சுக்காத. போய்ப் பாத்துட்டு, மிச்ச வாளிகளையும் வண்டியில கொட்டிக்கிட்டு வந்துடறேன். கொப்பரைய தீய விட்டே, அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை கெடையாது."

பொய்க்கு ஆயுசு கம்மி என்பார்கள். ஒடிலின் பொய் ஒரு வருஷம் நன்றாகத்தான் தின்று தூங்கியது. போன ஏப்ரலில் அர்மானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் குழாய்களைப் பிடுங்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. அந்தக் குடும்பத்தில் அது வெறும் வேலையல்ல. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் குழாயைப் பிடுங்கி, துளையின் மேல் கட்டைவிரலை அழுத்தி, "போதும், நன்றி" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மரம் காயத்தை மூடிக்கொள்ளும், சொல்லாவிட்டால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் என்று அர்மானின் அப்பா சொல்வார். ஒடில் எல்லா மரத்திலும் செய்தாள், ஒன்றைத் தவிர. பள்ளத்தில் பனி வழுக்கியது. பயந்து பாதியில் திரும்பிவிட்டாள். குழாயும் வாளியும் மரத்திலேயே தங்கிவிட்டன. எல்லாம் ஆயிற்று என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டாள்.

இப்போதும் அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் அந்த மரத்தில் துருப்பிடித்த வாளியைப் பார்த்துவிட்டு வந்து, மே மாதம் வரை அவளைக் கிண்டல் செய்வான், அவ்வளவுதான். ஆனால் வெட்கமாக இருந்தது. பனியில் அவன் காலடிச் சத்தம் தேயும்வரை கொப்பரையைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சொட்டும் சத்தம் நின்றது.

அது நின்றதுதான் அவளுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அடுப்பு வாயைத் திறந்து நான்கு பெரிய கட்டைகளை உள்ளே தள்ளினாள். தள்ளிய பிறகுதான் கதவோரம் மேடையில் இருந்த, கொப்பரைக்கு நீர் விடும் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சாண் நீர்தான் மிச்சம். அடுப்பு எரியும்வரை கொப்பரைக்கு நீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே இறங்கினால் பாகு தீயும், பாகு தீய்ந்தால் கொப்பரை பற்றும், ஐம்பது வருஷம் இனிப்பு ஆவியைக் குடித்த இந்தச் சுவர்கள் அப்புறம் எதற்கும் காத்திருக்காது. அர்மான் வண்டியில் நீரோடு வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் போட்ட விறகு அது. அவன் வரவில்லை. வெளியே வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது.

டக்.

இந்த முறை பக்கத்தில் கேட்டது. டக். டக். கொட்டகையை நெருங்கி வந்தது. கதவு திறந்தது. ஆவிக்கு அப்பால் அர்மானின் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையும் கம்பளித் தொப்பியும் தெரிந்தன.

"எங்க போய்த் தொலைஞ்ச? தொட்டி காயுது பாரு."

அவன் கையில் ஒரே ஒரு வாளி, பழைய வாளி. அதைத் தொட்டியில் கவிழ்த்தான். திரும்பிப் போனான். சொட்டும் சத்தமும் அவனோடு போயிற்று.

பேசாத அர்மானை அவள் பார்த்ததே இல்லை. அவன் அம்மா செத்த அன்றுகூடப் பாதிரியாரைச் சிரிக்க வைத்தவன் அவன். ஒடில் தொட்டியில் விரலை விட்டாள். பல்லைக் கூசச் செய்கிற குளிர் இருந்திருக்க வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை நாக்கில் வைத்தாள். இனிப்பு கொஞ்சம். உப்பு கொஞ்சம்.

தொட்டியின் திருகைத் திறந்து அதைக் கொப்பரைக்கு விட்டாள். விடாமல் என்ன செய்வது? நுரை குபுகுபுவென்று பொங்கிக் கொழுப்பைத் தொட்டது, தொட்டும் அடங்கவில்லை. நுரையின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. கொட்டகையின் மணம் மாறிக்கொண்டே வந்தது. பாகு மணத்துக்கு அடியில் நனைந்த கம்பளி நாறியது, அதற்கும் அடியில் எலும்பு சூப் கொதிக்கிற வாடை.

இரண்டாம் வாளி வந்தது. மூன்றாவது வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் நடை மெதுவாகியது, வாளியில் நீர் குறைந்தது. சட்டை அவன் மேல் கோணி போலத் தொங்கியது. ஒவ்வொரு முறையும் சத்தம் அவனோடு வந்தது, அவனோடு போனது.

ஓடிவிடலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போக ஒரே ஒற்றையடிப் பாதைதான், இரண்டு பக்கமும் இடுப்பளவு பனி. அந்தப் பாதையில்தான் அது சொட்டிக்கொண்டிருந்தது. கொப்பரையில் போட ஒரு கை பனி அள்ளவும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். உள்ளேயே இருந்தால் அடுப்பு இருக்கிறது, அடுப்புக்கு நீர் வேண்டும், நீர் அவன் கையில் இருக்கிறது. அவன் எப்போது வருவான் என்று பயந்த அதே நெஞ்சு, அவன் வராமல் போனால் என்ன செய்வது என்றும் பயந்தது. தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நான்காம் முறை அவன் உள்ளே வந்தபோது அவள் சொல்லிவிட்டாள். கொப்பரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அர்மான், நான் எடுக்கல. பள்ளத்து மரத்துல ஒண்ணு இருந்துச்சு. பயந்துக்கிட்டு விட்டுட்டு வந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றான். அவன் குரல்தான். கோபமே இல்லை.

அழுகை வந்தது அவளுக்கு. நிமிர்ந்தாள். அவன் தொட்டிப் பக்கம் திரும்பி வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நான்கு விரல் நீர்கூட இல்லை. ஆவி ஒரு கணம் விலகியது.

அவன் முதுகைப் பார்த்தாள்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சட்டையைத் துளைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஒரு குழாய். வாளி மாட்டுகிற கொக்கியோடு. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, நீண்டு, விழாமலே நின்றது.

"வத்திடுச்சு," என்றான் அர்மான்.

கொப்பரையில் நீர் இரண்டு விரல். அதற்கும் கீழே.

அவன் அடுப்பைப் பார்த்தான்.  "இன்னும் எரியுதே, ஒடில்."

சுவரிலிருந்து மரம் துளைக்கும் கைத்துளைப்பானை எடுத்தான். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். முன்னால் கொப்பரை. பின்னால் அவன். அவள் துடுப்பைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. 

அவன் உள்ளங்கை அவள் முதுகில் பதிந்தது. வெதுவெதுப்பே இல்லை. மெல்லத் தடவியது. மரத்தில் நல்ல இடம் தேடும்போது அவன் எப்போதும் அப்படித்தான் தடவுவான், தெற்குப் பக்கமாக, வெயில் படுகிற பக்கமாக. விரலை மடக்கி ஒரு தட்டு. தள்ளி இன்னொரு தட்டு.

"இங்க," என்றான்.

காலடியில் அவன் வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. நிறைந்த வாளியில் சொட்டினால் டக் என்று கேட்கும். வெறும் வாளியில் விழும் முதல் சொட்டுக்கு வேறு சத்தம்.

டங்.