குறுக்கே நின்ற படம்

கடலூர்ப் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் சபாபதி சார் பத்து நிமிடமாக ஒரு மீசையோடு போராடிக்கொண்டிருந்தார்.

மீசை சிங்காரத்துடையது. சிதம்பரத்தில் நடக்கும் கதை சொல்லும் போட்டிக்கு அவர்தான் தலைவர். இணையதளத்தைத் திறந்தால் அவர் படம் கைகூப்பி வரவேற்கும். அப்புறம் நகராது. பதிவுப் படிவம் அதற்குப் பின்னால் எங்கோ இருந்தது.

"இத எப்படி மூடுறது?" சார் படத்தைத் தட்டினார். அது இன்னும் பெரிதானது.

"ஐயோ, பல்லெல்லாம் தெரியுது சார்!" என்றான் பக்கத்தில் நின்ற மாணவன் மரிய அருள்.

ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. இப்போதே நாலே முக்கால். ஒரு மாதமாகக் கதை சொல்லிப் பழகிய கிரேசிக்குப் படபடத்தது.

"நான் பண்ணிப் பாக்கட்டுமா சார்?"

கிரேசிக்குக் கண் தெரியாது. "பாக்குற எனக்கே ஒண்ணும் புரியலியேம்மா" என்றார் சார்.

கிரேசி தன் கணினியில் அதே தளத்தைத் திறந்தாள். அதிலிருந்த திரைவாசிப்பான், திரையில் உள்ளதையெல்லாம் கடகடவென்று சொன்னது.

"என்னாடி, யாரையோ திட்டுதா?" என்றான் அருள்.

"'பெயரில்லாத படம்'னு சொல்லுதுடா. அது நமக்கு எதுக்கு?"

ஒரு விசையைத் தட்டினாள். நேராக எழுதும் கட்டத்துக்குத் தாவியது. பெயர், வகுப்பு, பள்ளி. இன்னொரு விசை, 'அனுப்பு' பொத்தான்.

"போயிடுச்சு சார். அருள் பேரையும் சேத்துட்டேன்."

சார் எட்டிப் பார்த்தார். அந்தத் திரையிலும் சிங்காரம் கைகூப்பித்தான் நின்றார். "இவர எப்படிம்மா தாண்டுன?"

"யார சார்?"

போட்டி நாளன்று சிதம்பரத்தில் நாற்பது நாற்காலிகள். வந்தவர்கள் கிரேசி, அருள் என்று இரண்டே பேர்.

"என் தளத்த ஊரே பாத்துச்சே! ஏன் யாரும் வரல?" சிங்காரம் குழம்பினார்.

"உங்கள மட்டுந்தான் பாத்தாங்க ஐயா" என்றாள் கிரேசி. "படிவத்த உங்க படம் மறைச்சிடுச்சு. எனக்கு மட்டும் நீங்க பெயரில்லாத படம். தாண்டி வந்துட்டேன்."

சிங்காரத்தின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"படத்த ஓரமா வச்சு, அதுக்கு ஒரு பேரும் எழுதிடுங்க ஐயா. போட்டிய அடுத்த வாரம் வச்சா எல்லாரும் வருவாங்க."

"சும்மா இரு கிரேசி!" அருள் பதறினான். "ரெண்டே பேரு. எனக்கு ரெண்டாவது பரிசு நிச்சயம்!"

அடுத்த வாரம் நாற்பது நாற்காலிகளும் நிறைந்தன. கிரேசிக்கு மூன்றாவது பரிசு. முப்பத்தெட்டாவதாக வந்த அருள், திரும்பும் பஸ்ஸில், வழியிலுள்ள ஆலப்பாக்கம் வரைக்கும் அவளோடு பேசவில்லை.