குளிர் அலமாரியின் பின்வரிசை

அந்தப் பெரிய கடைக்குள் தங்கை முதன்முதலாக நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மணிக்கு. வாசல் கண்ணாடி தானாக விலகி வழிவிட்டது. உள்ளே வெள்ளை வெளிச்சம், முகம் தெரியும் தரை, கூரையில் எங்கிருந்தோ கசியும் பாட்டு. சாமான் வாங்குவதற்காக அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கடையில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. அதற்குமுன் ஒரு சுற்றுச் சுற்றி, எது எங்கே இருக்கிறது என்று மனதில் ஏற்றிக்கொண்டு வா என்று அக்கா அனுப்பியிருந்தாள்.

இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால், என் கண்ணுகளா, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சாப்பிட்டு வந்தவர்களும் கொஞ்சம் பொறுங்கள், வயிற்றில் இறங்கட்டும். இது அப்படிப்பட்ட கதை.

தங்கைக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். வேலை கிடைத்துவிட்டது என்று கடை முத்திரையோடு தரும் கடிதம். புருஷன் செத்தபிறகு, ஆறு வயது மகளைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டிருந்தாள். நிலையான வேலைக்கு ஒரு கடிதம் காட்டினால் அன்றைக்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அங்கே வார்டன் சொல்லியிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பாள். திரும்பும்போது குழந்தை அழாது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வேலை பால், கறி, மீன் வைக்கும் குளிர்ப் பகுதியில். ஆள் எடுப்பதும் அந்தப் பகுதிக்கு மட்டும்தான். கேள்வி கேட்பதோடு விடமாட்டார்கள், மூன்று கிண்ணத்தை முன்னால் வைத்து எது கெட்டுப்போனது என்று முகர்ந்து சொல்லச் சொல்வார்கள். இதை அக்கா எப்படியோ துருவித் தெரிந்துகொண்டாள். அவள் சலவைக்கடையில் தேய்ப்பு வேலை பார்ப்பவள். அந்தக் கடையின் சீருடைகள் அவள் கைக்குத்தான் வரும். கொண்டுவருகிறவன் வாயும் சும்மா இருக்காது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தங்கைக்கு மூக்கு செத்து எட்டு மாதம். ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோப்பும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றுதான்.

"மூக்கு இல்லைன்னா என்னடி? கண்ணு இருக்கு, விரல் இருக்கு" என்றாள் அக்கா.

அப்படித்தான் அவர்கள் இருவரும் இருந்த வீட்டுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிண்ணங்கள் வரிசையாக உட்கார்ந்தன. நல்ல பால், கெட்ட பால். நல்ல கோழி, கெட்ட கோழி. நல்ல மீன், கெட்ட மீன். கெட்டதைக் கெட விட்டே படிப்பது என்று முடிவு. செவ்வாய்க்கிழமைக்குள் கோழித்துண்டின் மேல் சளி மாதிரி ஒரு பளபளப்பு ஏறிவிட்டது. விரலை வைத்து எடுத்தால் நூல் நூலாகக் கூடவே வந்தது. மீனின் கண் உள்ளே இறங்கி, அதன் குழியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. பால் இரண்டாகப் பிரிந்து, மேலே மஞ்சள் நீரும் கீழே கட்டியுமாக, ஆட்டினால் குபுக்கென்றது. தங்கை முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்து படித்தாள். அக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நாளுக்கு மூன்று தடவை வாசலுக்கு ஓடினாள்.

"வேலைக்குப் போறது நீ, வாந்தி எடுக்கறது நானா?" என்று திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொள்வாள்.

சரி, கடைக்கு வருவோம். குளிர் அலமாரிக்கு முன்னால் நின்று தங்கை பால் பாக்கெட்டுகளின் தேதியைப் பார்த்தாள். அக்கா சொன்னது சரிதான். பழைய சரக்கு முன்வரிசையில், புதிய சரக்கு பின்வரிசையில். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது கடைக்காரர் கணக்கு. பின்னால் இருப்பதை எடுக்க வேண்டும் என்பது வாங்குகிறவர் கணக்கு. வீட்டுக் கிண்ணத்துக்கு நல்ல பால் ஒன்று வேண்டியிருந்தது. நீங்களும் நானும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கை அவள் உள்ளங்கையில் ஒரு பாக்கெட்டை வைத்தது.

பின்பக்கம் அறை இருக்கும், அங்கே நின்று யாரோ சரக்கு அடுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்ங்க" என்றும் சொன்னாள். அந்தக் கை உடனே விடவில்லை. குளிர்ந்து, ஈரமாக, ஊறிப்போன துணி மாதிரித் தொளதொளவென்று இருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக, அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தது. பிறகு விட்டது.

வெளியே எடுத்தபோது பாக்கெட் பந்துபோல் உப்பியிருந்தது. எழுத்துகள் அழிந்து, ஓரத்தில் பச்சையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அவள் கட்டைவிரலில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. பாலாடை என்று நினைத்து உரித்தெடுத்தாள். விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

அதில் ரேகை இருந்தது.

சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், பின்னால் நிற்பவர் கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வரிசையை ஒதுக்கி, அலமாரியின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். சுவர். செங்கல் சுவர். பாக்கெட்டை இரண்டு விரலால் வாங்கிக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"பின்வரிசையில கை விடாதீங்கக்கா. நாங்க குச்சியாலதான் இழுப்போம்" என்றாள் மெதுவாக.

அலமாரியின் பக்கவாட்டில் கொக்கி வைத்த நீளக் குச்சி ஒன்று தொங்கியது.

அன்று வீட்டுக்கதவைத் திறந்த அக்கா வழிவிடவில்லை. என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இவள் பையைக் கவிழ்த்துக் காட்டினாள். மூன்று நாளாகக் கிண்ணங்களோடு குடித்தனம் நடத்துகிறவள் அக்கா. மீன் நாற்றம் எது, கோழி நாற்றம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இது இரண்டும் இல்லையாம். இனிப்பாக இருக்கிறதாம். பழுத்து, அழுகி, அதன்மேல் சர்க்கரை தூவின மாதிரி, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறதாம்.

புதன்கிழமை அக்கா எல்லாக் கிண்ணத்தையும் வெளியே கொட்டினாள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு, மோப்பம் பிடித்துக்கொண்டே வீடு முழுவதும் நடந்தாள். குழாயடி இல்லை. குப்பைக்கூடை இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. கடைசியில் தங்கையின் எதிரே வந்து நின்றாள். அவளுடைய வலது கையைத் தூக்கி முகர்ந்தாள்.

"உன் கை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு மூக்கை மெல்ல நகர்த்தினாள். கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றது அவள் முகம். அங்கேயே நின்றது.

அதற்குப்பிறகு அக்கா அந்தப் பக்கம் உட்காரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை. அக்கா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, அதிகாரி வேஷம் கட்டினாள். இத்தனை நாள் எங்கே வேலை பார்த்தீர்கள், வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். தங்கைக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"புதுச் சரக்கு வந்தா எங்க வைப்பீங்க?"

"பின்னாடிங்க."

"ஏன்?"

"பழசு முதல்ல வெளிய வரணும்."

மடியிலிருந்த வலது கையை ஏதோ அழுத்தியது.

சரியாகச் சொன்னாய் என்பதுபோல.

தங்கை எழுந்துபோய்க் கையைத் தேய்த்தாள். எலுமிச்சை, உப்பு, பிளீச்சிங் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு, தோல் வெளுத்துச் சுருங்கும்வரை தேய்த்தாள். நடந்ததை அப்போதுதான் அக்காவிடம் முழுதாகச் சொன்னாள். கடை இது ஒன்றுதானா, வேறு இடம் பார்ப்போம், நாளைக்குப் போக வேண்டாம் என்றாள் அக்கா.

"அவ அழாம நிக்கறாக்கா" என்றாள் தங்கை.

அக்கா எழுந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். வெள்ளைச் சட்டையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மடிப்பு விழாமல் தேய்த்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடையின் மூன்றாம் மாடியில் ஆறு பேர் காத்திருந்தார்கள். தங்கைக்கு வலதுபுறம் உட்கார்ந்த அம்மாள் இரண்டு நிமிடத்தில் கைக்குட்டையை எடுத்தாள், நான்காம் நிமிடத்தில் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அந்த நாற்காலி அப்புறம் காலியாகவே இருந்தது. அதன் இருக்கை நனைந்திருந்ததைத் தங்கை பார்க்காததுபோல் இருந்தாள்.

உள்ளே, குளிர்ப் பகுதியின் சூப்பர்வைசர் அம்மா. வாயில் புதினா மிட்டாய். கேள்விகள் அக்கா கேட்டவைதான். பிறகு மூடியைத் திறந்து மூன்று கிண்ணங்களை நகர்த்தினார். கொத்திய கறி. தங்கை கண்ணை ஓட்டினாள். மூன்றும் ஒரே சிவப்பு, ஒரே ஈரம். விரலை நீட்டினாள்.

"தொடக் கூடாதும்மா. மோந்து சொல்லணும்."

மூன்று நாள் அழுகலில் படித்த படிப்பு அந்த ஒரு சொல்லில் போயிற்று. அவள் குனிந்து மூச்சை இழுத்தாள். காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது. கம்பிக் கதவில் ஒரு சின்ன முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

மேசைக்கு அடியில், அவளுடைய வலது கைக்குள் ஒரு கை வந்து படுத்துக்கொண்டது.

நொதநொதத்த கை. எலும்பு ஒருபக்கமும் சதை ஒருபக்கமுமாக வழுக்கியது. அதன் தோல் இவள் விரலிடுக்குகளில் பிதுங்கி இறங்கியது. குமட்டல் பல்வரை ஏறி வந்தது.

ஒரு அழுத்து. இன்னொரு அழுத்து.

உதறியிருக்கலாம், கண்ணுகளா. உதறி எழுந்து வந்திருக்கலாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வந்ததை விழுங்கிக்கொண்டு, "ரெண்டாவதுங்க" என்றாள்.

அடுத்து மீன். ஒரே அழுத்து. முதல் கிண்ணம் என்றாள். அடுத்து பால். காத்திருந்தாள். அந்தக் கை அசையவில்லை. இன்னும் காத்திருந்தாள். பிறகு, இதில் எதுவுமே கெடவில்லை என்று சொன்னாள்.

சூப்பர்வைசர் அம்மாவின் வாயில் மிட்டாய் உருளுவது நின்றது.

"இப்படி ஒரு மூக்கு இதுக்கு முன்ன ஒருத்தங்களுக்குத்தான் இருந்துச்சு" என்றார்.

"அவங்க இப்ப எங்கங்க?"

அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாக மூடினார். "வேலைய விட்டு நின்னுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிக்கலை."

அதற்குமேல் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடிதத்தை அச்செடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துக்கு நகர்த்தினார். தங்கை வலது கையை மேலே எடுக்கப் பார்த்தாள். பிடி விடவில்லை. இடது கையால் பேனாவை வாங்கி, குழந்தை கிறுக்கியதுபோல் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

"இடது கையா?"

"ஆமாங்க."

கடையிலிருந்து நேராகக் காப்பகத்துக்குப் போனாள். வழியெல்லாம் வலது கை தொங்கிக்கொண்டே வந்தது, யாரோ கூட நடக்கிறவர்கள் கோத்துக்கொண்ட மாதிரி. பேருந்தில் அவளைச் சுற்றி இடம் காலியாயிற்று. காப்பக வாசற்படியில் கால் வைத்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக விட்டது. அவள் கையை விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். உடையில் அழுந்தத் துடைத்தாள். வெறும் கை. அவளுடைய கை. முடிந்தது என்று நினைத்தாள்.

வார்டன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் குழந்தையைக் கூப்பிட்டார். குட்டி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டடி தூரத்தில் நின்று மூக்கைச் சுருக்கினாள். அப்புறம் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இத்தனை மாதமும் அழாத அழுகையெல்லாம் அழுதாள். தங்கையும் அழுதாள். வார்டன் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

சாயங்கால வெயில் இன்னும் தெருவில் இருந்தது. தங்கை ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் கடிதத்தையும் வைத்துக்கொண்டு நடந்தாள். அக்காவிடம் எப்படிச் சொல்வது, குழந்தையை எங்கே படுக்கவைப்பது, எந்தப் பள்ளிக்கூடம் என்று நினைப்பு ஓடியது. குட்டி பேசிக்கொண்டே வந்தாள். நல்ல குரல். கொஞ்சம் எட்டத்திலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். குழந்தை ஓர் ஆள் தூரம் தள்ளி நடந்துகொண்டிருந்தாள்.

"பக்கத்துல வாடா குட்டி."

"இவங்க விட மாட்டேங்கறாங்கம்மா."

குழந்தையின் இடது கை காதுக்கு மேலே தூக்கியிருந்தது. சின்ன விரல்கள் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி, ஈரத்தில் மினுங்கின.