ஏழாம் கட்டிலுக்குச் சொன்ன பதில்

1973, ஐப்பசி. மூன்று வார விடுப்பு முடிந்து ஷம்ஷாத் வார்டுக்குள் நுழைந்தபோது மாலை நான்கு மணி. வெளியே அடையாற்றின் மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே பினாயில் வாடை. அவளுக்கு ஆயா வேலைதான். ஆனால் வெள்ளைக்காரத் துரை வீட்டில் பிள்ளை வளர்த்த காலத்தில் இங்கிலீஷ் படிந்திருந்ததால், தமிழும் உருதும் தெரியாத பெரிய டாக்டருக்கு அவள்தான் வாய்.

ஏழாம் கட்டிலில் புது நோயாளி, ஊரூர் குப்பத்துப் புஷ்பம். கட்டிலடியில் துணி மூட்டை தயாராக இருந்தது.

"வாக்கா! எப்போ வுடுவாருன்னு கேளு. வூட்ல எம் பொண்ணு நாள் எண்ணிக்கினு கீது."

ஷம்ஷாத் கேட்டாள். கட்டிலருகே நின்ற டாக்டர் தணிந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார். இனி வைத்தியமில்லை, மிஞ்சினால் ஒரு வாரம். மகளோடு இருக்க ஆசையிருந்தால் இன்றே போகட்டும். சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார்.

ஷம்ஷாத் கட்டிலடி மூட்டையைப் பார்த்தாள். போன மாதம் இதே கட்டிலில், உருது மட்டுமே தெரிந்த ஹாஜிரா பீக்கும் இதே பதில்தான் வந்தது. சாகிறவளிடம் சாவைச் சொல்லும் வழக்கம் யாருக்கு உண்டு? "குணமாகித்தான் போகணும், பொறுத்துக்கோங்க" என்று மாற்றிச் சொன்னாள் ஷம்ஷாத். ஹாஜிரா பீ பொறுத்தாள். வீட்டில் மகளின் நிக்காஹ் நடந்த அன்று கட்டிலிலேயே மருதாணி இட்டுக்கொண்டாள். அது காய்வதற்குள் செத்துப்போனாள்.

இந்தத் தடவை மறைக்கக்கூடாது.

ஷம்ஷாத் குனிந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

விளக்கு மங்கியது.

பச்சை மருதாணி வாசனை.

புஷ்பம் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துத் தலையாட்டினாள். முகம் மலர்ந்தது.

"இன்னாக்கா, வெறும் வாய அசைக்கிற? அதான் அந்தம்மா சொல்ட்டாங்களே."

"எந்தம்மா?"

"உம் பின்னாடி, முக்காடு போட்டுக்கினு. இன்னா பாஷையோ, ஆனா நல்லா புரியுது. கொணமாயித்தான் போணுமாம். பொறுத்துக்கச் சொன்னாங்க."

புஷ்பம் மூட்டையை அவிழ்த்து, புடவைகளைத் தலைமாட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

'இன்னிக்கே போயிடு!' ஷம்ஷாத் கத்தப் பார்த்தாள். அந்த ஒரு செய்திக்கு மட்டும் குரல் எழவில்லை.

திரும்பினாள். யாருமில்லை.

அவளுடைய வெள்ளைப் புடவையின் தோளில் ஐந்து விரல் மருதாணி. இன்னும் காயவில்லை.