கையைத் தேடிய நேரம்

வண்டிக் கொட்டகையின் பூட்டு சாவிக்குத் திறக்காது, கைக்குத்தான் திறக்கும். சண்முகக்கனி வழக்கம்போல் இரண்டு கைகளையும் விரித்து ஊதா விளக்கின் அடியில் நீட்டினாள். நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கை ரேகை என்று ஒன்று விடாமல் விளக்கு மேய்ந்தது. பச்சை எங்கும் மினுங்கவில்லை. "தூய்கை" என்று சுவர்ப்பெட்டி சொன்னது, பூட்டு விட்டுக்கொடுத்தது. இதற்குப் பிறகுதான் பிக்கப் வண்டியின் டீசல் மூடியை அவள் தொடலாம். அந்தக் கரையில் அதைத் தொட உரிமம் பெற்றிருந்தது அவள் கை மட்டும்தான்.

கடலில் கொட்டிப்போன எண்ணெயைத் தின்பதற்கென்று ஒரு கிருமியை உண்டாக்கி விட்டிருந்தார்கள். எண்ணெய்தின்னி என்று பேர், ஊதா விளக்கில் பச்சையாக மினுங்கும். சொன்ன வேலையைச் செய்தது, சொன்னதோடு நிற்கத்தான் இல்லை. கடல்தண்ணீர் பட்ட கை டேங்க் மூடியில் பட்டால் போதும், மறுநாள் டீசல் கேப்பைக்கூழ் மாதிரி இறுகிக் கிடக்கும். விசைப்படகுகள் முதலில் நின்றன, லாரிகள் பின்னால் நின்றன. கடைசியில் சட்டம் வந்தது: கடலில் இறங்குகிறவர் எந்த எஞ்சினையும் தொடக் கூடாது. அவர்களுக்குக் கடல்கை என்றே பேராகிவிட்டது. அதிலிருந்து எங்கே ஒரு மோட்டார் இருமினாலும் "என்ன கோளாறு?" என்று எவரும் கேட்பதில்லை. "எவன் கை?" என்றுதான் கேட்பார்கள்.

மின்வண்டிகள் இருந்தனதான். ஆனால் பழைய கடற்கரைச் சாலையைக் கடல் பாதி விழுங்கியிருந்தது. அந்த உப்புத்தண்ணீரில் மின்வண்டி இறங்கினால் அங்கேயே செத்துப்போகும். சிப்பிமேட்டு மீனவக் குடியிருப்புக்குப் போய்வர உயரமான இந்த டீசல் பிக்கப் ஒன்றுதான் கதி.

அன்றைக்கு மதியம் அங்கிருந்துதான் அழைப்பு வந்தது. வலையை உதறும்போது பிலோமி என்ற பெண்ணைக் கடல்பாம்பு கடித்துவிட்டது.

கனி போய்ச் சேர்ந்தபோது பிலோமி கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தாள். கணவன் இன்னாசிதான் முகம் வெளிறி நின்றான். கனி முதல் காரியமாக அவர்கள் இருவர் கைகளுக்கும் தடித்த ரப்பர் உறை மாட்டவைத்து, மணிக்கட்டில் முத்திரை நாடா சுற்றினாள்.

"வண்டியில எதையும் தொடப்படாது. பின்னாடி மட்டும்தான் இருக்கணும்."

"தெரியும் டிரைவரம்மா. இது என்ன புதுசா?" என்றான் இன்னாசி.

"பயப்படாதீய யக்கா," என்றாள் பிலோமி. "இந்த மனுசனக் கட்டிக்கிட்டுத் தாங்குன உடம்பு, பாம்புக்கா விழப்போவுது?"

ஆனால் அவளுடைய இடது இமை லேசாகத் தாழ்ந்திருந்ததைக் கனி கவனித்தாள். கடல்பாம்பு விஷம் முதலில் இமையைப் பிடிக்கும், பிறகு நாக்கை, கடைசியில் மூச்சை. மேட்டு ஆஸ்பத்திரியில் மருந்தும் மூச்சியந்திரமும் உண்டு. அதற்குள் போய்விட வேண்டும்.

பனங்காட்டுத் திருப்பம் தாண்டி, தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை ஏறிய இடத்தில் எஞ்சின் ஒருமுறை விக்கியது. பிறகு இழுத்தது. மறுபடி விக்கியது. மேடேறியதும் நின்றேபோனது.

கனி குதித்திறங்கி பானெட்டைத் திறந்தாள். கைப்பம்பை அமுக்கி அமுக்கி டீசலை ஏற்றினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு மறுபடி நின்றது.

அவள் பின்பக்கம் வந்தாள். குரலே மாறிவிட்டது. "ஏய்யா, எங்க தொட்ட?"

"நான் எங்க தொட்டேன்?"

"ஏறும்போது பிடிச்சியே. மூடிப் பக்கம் கை போச்சா?"

"இந்த வண்டியில நான் தொட்டது எம் பொஞ்சாதிய மட்டுந்தான். உறையும் போட்டிருக்கு. பாரும்மா, நாடா கிழியல."

அவள் நாடாவைப் பார்த்தாள். கிழியவில்லை. என்றாலும் மனம் நம்பவில்லை. வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தாள். தெளிவாக இருந்தது. அப்படியானால் கூழ் டேங்குக்குள் இருக்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் வாயில் அப்பி அடைக்கும், எஞ்சின் நின்றதும் உதிர்ந்து விழும், அதனால்தான் விட்டுவிட்டு நிற்கிறது. கணக்கு அவளுக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. டேங்கின் மேல்தட்டுத் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள். உப்பில் இறுகிய திருகுகள் ஒவ்வொன்றும் முரண்டு பிடித்தன.

"யக்கா," பிலோமி கூப்பிட்டாள். "தூக்கம் வரல. கண்ணு மட்டும் தானா மூடுது."

"பேசிக்கிட்டே இரு தாயி."

"பேசாம இருன்னுதான் இவுக எப்பமும் சொல்லுவாக..." சொல்லின் கடைசி குழைந்து விழுந்தது. இன்னாசி உறை போட்ட கையால் அவள் முகவாயைத் தாங்கிக்கொண்டான். கனியின் ஸ்பேனரையே பார்த்தான்.

உறிஞ்சுகுழாயை வெளியே உருவினாள். சல்லடை வாய் பளிச்சென்று இருந்தது. உள்ளே டார்ச் அடித்தாள். டேங்கின் தரைவரை தெரிந்தது. கூழின் சுவடே இல்லை.

கனி சல்லடையை மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூழ் இல்லையென்றால் வேறென்ன? கிருமி வந்த பிறகு தொழில் படித்தவள் அவள். வேறொன்றை அவள் தேடியதே இல்லை.

எல்லாவற்றையும் அவசரமாகப் பூட்டிவிட்டு, வடிகட்டியின் தலையிலிருந்த காற்றுத்திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினாள். டீசல் வரவில்லை, நுரை வந்தது. பொங்கிய பாலைப் போல வெள்ளை நுரை.

"காத்து," என்றாள் தனக்குத்தானே. கூழ் அடைத்தால் நுரைக்காது. எங்கோ காற்று ஏறுகிறது.

வண்டிக்கடியில் மேட்டின் காய்ந்த மண்ணில் மல்லாந்து, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் உரசும் இடத்தில், மேல்பக்கம், நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வெடிப்பு. வெளியே சொட்டு ஈரமில்லை. பம்ப் உள்ளே உறிஞ்சுகிற குழாய் அது, டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். மேடுபள்ளத்தில் சட்டம் முறுக்கும்போதெல்லாம் வெடிப்பு வாய் திறந்திருக்கிறது. ஒட்டுநாடா சுற்றிப் பார்த்தாள். எண்ணெய்ப் பசையில் வழுக்கிக்கொண்டு வந்தது.

டேங்கையே ஒதுக்கிவிட ஒரு வழி இருந்தது. மாற்று டீசல் கேனைப் பின்பக்கம் உயரத்தில் வைத்து, வேறொரு குழாயை அதிலிருந்து நேரே வடிகட்டிக்குக் கொடுத்தாள். டீசல் தானாக இறங்கும், காற்றுக்கு இடமில்லை. எஞ்சின் ஒரே சீராகப் பிடித்தது.

"கேனை அசையாமப் பிடிச்சுக்கோ. குழாய் வெளிய வரக்கூடாது."

முதல் பள்ளத்திலேயே வந்துவிட்டது. தடித்த உறைக்குள் இன்னாசியின் விரலுக்குக் குழாய் பிடிபடவில்லை. எஞ்சின் நின்றது. பிலோமி இப்போது பேசவில்லை, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

கனி கத்தியோடு பின்னால் ஏறினாள். வெறுங்கையிலிருந்து கேனில் விழும் கிருமி எஞ்சினைச் சுற்றி, எரியாத மிச்ச டீசலோடு டேங்குக்கும் திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். கரையின் ஒரே வண்டி. அவள் உரிமம். ஒரு நொடி நின்றாள். பிறகு இன்னாசியின் மணிக்கட்டு நாடாவை அறுத்து உறையை உருவி எறிந்தாள்.

"புடிங்க, அண்ணாச்சி."

அவன் வெறுங்கையால் குழாயைக் கேனின் கழுத்தோடு சேர்த்து இறுக்கினான். மடியில் மனைவியின் தலை, நெஞ்சோடு கேன். அதன் பிறகு வண்டி ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

நெடுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "மூச்சியந்திரம் வச்சிருக்கோம். பிழைச்சுக்குவாங்க. ஆனா மூச்சு நிக்கிற நேரத்துல கொண்டுவந்திருக்கீங்க. கொஞ்சம் முந்தி வந்திருந்தா வெறும் மருந்திலேயே சரியாப் போயிருக்கும். இப்ப குரல் பழையபடி வருமான்னு சொல்ல முடியாது. வழியில என்ன தாமதம்? பதியணும்."

இன்னாசி முந்திக்கொண்டான். "வண்டி நின்னு நின்னு வந்துச்சு டாக்டரம்மா. மெசின்தான, அதுக்கு என்ன தெரியும்?"

"மெசின் இல்ல," என்றாள் கனி. "நான்தான். மொதல்ல இவரு கையத் தேடுனேன். அப்புறந்தான் காத்தத் தேடுனேன். கடைசியில இவரு வெறுங்கையாலதான் வண்டியே வந்துச்சு. அதையும் எழுதுங்க."

டாக்டரின் பேனா நின்றது. "எழுதினா உங்க உரிமம் போயிடும். வண்டிக்குச் சீல் வைப்பாங்க."

"வைக்கட்டும்."

"வைக்கட்டுமா?" இன்னாசி அவளைத் திரும்பிப் பார்த்தான். அன்று முதல்முறையாக அவன் குரலில் கோபம் இருந்தது. "நாளைக்கு எங்க தெருவுல இன்னொருத்திக்குக் கடிச்சா எதுல வருவா? டேங்க வடிச்சுக் கழுவும்மா, ஒருத்தருக்கும் தெரியாது." டாக்டரிடம் திரும்பினான். "கடல்கைக்காரன் டேங்கத் தொட்டுட்டானோன்னு சந்தேகம், தேடிப் பாத்ததுல நேரம் போச்சு, வண்டி சுத்தம். அப்பிடி எழுதுங்கம்மா. பழி எங்களுக்குப் பழக்கந்தான். வண்டி இல்லாம பொழைக்கத்தான் பழகல."

டாக்டர் கனியைப் பார்த்தார். தடுக்க அவளுக்கு நேரம் இருந்தது. வாயைக்கூடத் திறந்தாள்.

பேனா ஓடத் தொடங்கியது. கனி பேசாமல் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.